லேசு மரமா, ஈர மரமா? விறகடுப்பு கேள்வி – பதில்

விறகடுப்பு பற்றி வட சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். துறைமுகத்துப் பைன் கட்டை, புயலில் விழுந்த கிளை, மழைக்கால இருப்பு இந்த மூன்றைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: எங்க இட்லிக் கடைக்கு இதுவரைக்கும் சவுக்கு விறகுதான் வாங்கிட்டிருந்தோம். இப்ப மண்ணடி பக்கம் பேக்கிங் பொட்டி மரம் சல்லிசா கெடைக்குது. பைன் மரம்னு சொல்றாங்க. "அது லேசு மரம், புகையும், நெருப்பு நிக்காது"ன்னு வீட்ல பெரியவங்க தடுக்குறாங்க. வாங்கலாமா, வேணாமா?
– இட்லிக் கடை நடத்தும் வாசகி, ராயபுரம்

பதில்: வாங்கலாம் அம்மா, ஆனால் பொறுக்கி வாங்க வேண்டும். பெரியவர்கள் சொன்னதில் பாதி சரி. பைனில் தணல் நிற்காது, அது உண்மைதான். ஆனால் புகைக்குக் காரணம் ஈரம், அல்லது காற்று போதாத அடுப்பு. நன்றாகக் காய்ந்த பைன் பலகை சவுக்கைவிடச் சீக்கிரம் பற்றிக்கொள்ளும், உயரமாகச் சுடர் விட்டு எரியும். கொப்பரைத் தண்ணீரைச் சீக்கிரம் கொதிக்க வைக்க அப்படிப்பட்ட சுடர்தான் வேண்டும். ஆவி வந்த பிறகு ஒன்றிரண்டு சவுக்குக் கட்டையை உள்ளே தள்ளிவிட்டால் சூடு நிற்கும்.

பொறுக்கும்போது முதலில் பலகையின் முத்திரையைப் பாருங்கள். நாடு விட்டு நாடு போகும் மரப்பெட்டிக்கும், சரக்கு அடுக்கும் பலகைத் தட்டான பேலட்டுக்கும் பூச்சி நீக்கம் செய்து முத்திரை குத்த வேண்டும் என்பது பன்னாட்டு விதி. முத்திரையில் ஒரு கோதுமைக் கதிர் படம், ஐ.பி.பி.சி. (IPPC) என்ற ஆங்கில எழுத்துகள், நாட்டின் இரண்டெழுத்துக் குறி, ஓர் எண், அதோடு பூச்சி நீக்கிய முறையின் குறி இருக்கும். அந்த முறைக் குறிதான் உங்களுக்கு வேண்டியது. எச்.டி. (HT) என்றிருந்தால், மரத்தின் நடுப்பகுதியே 56 டிகிரி செல்சியஸுக்கு வந்து குறைந்தது 30 நிமிடம் அந்தச் சூட்டில் இருக்கும்படி சூடேற்றியிருக்கிறார்கள், மருந்து எதுவும் சேரவில்லை என்று அர்த்தம். எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டியது. எஸ்.எஃப். (SF) என்றால் சல்ஃபியூரைல் ஃபுளோரைடு, அதுவும் நச்சு வாயுதான். இந்த இரண்டையும் சமையல் அடுப்பில் வைக்காதீர்கள்.

எச்.டி. முத்திரை இருந்தால் மரம் காய்ந்திருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தச் சூடு பூச்சியைக் கொல்லத்தான், ஈரத்தை எடுக்க அல்ல. சூளையில் உலர்த்தியதற்குக் கே.டி. (KD) என்று தனிக் குறி உண்டு. அதுவும்கூட ஒரு மழைக்காலம் திறந்த வெளியில் கிடந்திருந்தால் திரும்ப ஈரம் குடித்திருக்கும்.

அடுத்து, பெட்டியில் என்ன வந்தது என்பதைக் கறையையும் வாடையையும் வைத்துப் பாருங்கள். எண்ணெய்க் கறை, ரசாயன நெடி, வெள்ளைப் பொடி, பெயின்ட் எதுவானாலும் ஒதுக்கிவிடுங்கள். பச்சை ஓடிய பலகை செம்பும் ஆர்சனிக் என்ற நஞ்சும் ஏற்றியதாக இருக்கலாம். அதை எரித்தால் ஆர்சனிக் புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும். சில பேலட்டுகளில் கால்போல் இருக்கும் சதுரக் கட்டைகள் மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்தவை. பார்க்கக் கட்டை மாதிரி இருக்கும், ஓரத்தைச் சுரண்டினால் தூள் உதிரும். அதுவும் வேண்டாம், பிளைவுட்டும் வேண்டாம், போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது தூக்கிப்போடும் சன்மைக்கா ஒட்டிய அலமாரிப் பலகையும் வேண்டாம். பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டை எங்காவது கிடைத்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். கிரியோசோட் என்ற தார் எண்ணெயில் ஊறிய மரம் அது.

ஆணியைப் பிடுங்கிவிட்டு அடுக்குங்கள். விட்டுப்போன ஆணி சாம்பலோடு தெருவுக்குப் போய் யாராவது ஒருவருடைய டயரிலோ காலிலோ ஏறும்.

கேள்வி: சவுக்கு இலை ஊசி மாதிரி இருக்கிறது, காயும் கூம்பு மாதிரி இருக்கிறது. அப்படியானால் சவுக்கும் பைன் வகைதானே? மென்மரம் என்பது எதை?
– கல்லூரி மாணவர், தண்டையார்பேட்டை

பதில்: பார்வைக்கு அப்படித் தோன்றும் தம்பி. ஆனால் சவுக்கு பூக்கும் தாவரம். நீங்கள் ஊசியிலை என்று நினைப்பது பச்சை நிறச் சிறு கிளை. அதன் கணுக்களில் பல் பல்லாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருப்பவைதான் இலைகள். கூம்புபோல் இருப்பது காய்க்கொத்து. ஆகவே தாவரவியல் கணக்கில் சவுக்கு வன்மரம், அதிலும் கனமான வன்மரம். பைன், தேவதாரு, சைப்ரஸ் போன்ற கூம்புத் தாவரங்கள்தான் மென்மரம். நம் பக்கத்து மண்ணில் அவை விறகுக்கு ஆகிற அளவில் வளர்வதில்லை. வட சென்னைக்குப் பைன் வருவதெல்லாம் துறைமுகம் வழியாகப் பெட்டியாகவும் பலகையாகவும்தான்.

விறகுத்தொட்டியில் "லேசு மரம்" என்று சொல்வது வேறு கணக்கு. முருங்கை, கல்யாண முருங்கை, இலவம், மயில்கொன்றை எல்லாம் அங்கே லேசு மரம்தான். தாவரவியல்படி இவை வன்மரம் என்றாலும் அடுப்புக்கு அந்தப் பெயரால் ஒரு பயனும் இல்லை. அடுப்புக்குத் தெரிவது எடையும் ஈரமும் மட்டும். காய்ந்த சவுக்கு ஒரு கன மீட்டர் 800 கிலோவுக்கு மேல் வரும். பைன் 450 முதல் 550 கிலோ. இலவம் அதற்கும் கீழே. ஆனால் ஒரு கிலோ என்று எடுத்து முற்றிலும் காயவைத்தால் எல்லா மரமும் ஏறத்தாழ ஒரே சூட்டைத்தான் தரும், 4,400 கிலோ கலோரி அளவுக்கு. பிசின் இருப்பதால் பைன் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தரும்.

எனவே லேசு மரத்தை வண்டிக் கணக்கில் வாங்கினால் நஷ்டம், காய்ந்ததை எடைக் கணக்கில் வாங்கினால் நஷ்டமில்லை. பச்சை மரத்தை எடைக்கு வாங்குவதுதான் பெரிய நஷ்டம். 100 கிலோ விறகில் 40 விழுக்காடு ஈரம் இருந்தால் எரியும் சரக்கு 60 கிலோ. 20 விழுக்காடு ஈரம் என்றால் 80 கிலோ. ஈர விறகைக் காய்ந்ததன் விலையில் முக்கால் பங்குக்குத்தான் வாங்க வேண்டும், அதுவும் காயவைக்க இடமும் நேரமும் இருந்தால்.

கேள்வி: போன புயலில் எங்கள் தெருவில் வேம்பும் தூங்குமூஞ்சி மரமும் விழுந்தன. கிளைகளை எடுத்துவைத்தோம். மாதங்கள் ஓடியும் அடுப்பில் வைத்தால் நுனியில் நுரை தள்ளுகிறது. இன்னும் எவ்வளவு நாள் காய வேண்டும்? சரியாகக் காயவைப்பது எப்படி?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: நுனியில் நுரையும் "உஸ்" என்ற சத்தமும் வந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. முழுக் கிளையாகவே போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறோம். தோலோடு உருண்டையாகக் கிடக்கும் கட்டை வருஷக்கணக்கில் கிடந்தாலும் நடுவில் ஈரம் விடாது.

மரத்துக்குள் தண்ணீர் நார் ஓடும் திசையில்தான் வேகமாக நகரும். வெட்டிய முனை வழியாகப் போவது பக்கவாட்டில் போவதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகம். மரப்பட்டை கிட்டத்தட்ட அடைப்பு. அதனால் முதலில் நீளத்தைக் குறையுங்கள். இரண்டடிக் கட்டையை ஓரடியாக அறுத்தாலே காயும் காலம் வெகுவாகக் குறைந்துவிடும். சமையல் அடுப்புக்கு 30 செ.மீ. நீளம் போதும். பிறகு பிளக்க வேண்டும். மணிக்கட்டுத் தடிமனுக்கு மேல் உள்ள எதையும் ஒரு தடவையாவது பிளந்துவிடுங்கள். 5 செ.மீ. தடிமன் நல்ல அளவு, 8 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. பச்சையாக இருக்கும்போதே பிளப்பது சுலபம். காய்ந்த தூங்குமூஞ்சியில் நார் பின்னிக்கொண்டு கோடாலியைப் பிடித்துக்கொள்ளும். அப்போது கோடாலியோடு மல்லுக்கட்டாமல் இரும்பு ஆப்பு வைத்து, முனையில் ஏற்கெனவே விட்டிருக்கும் வெடிப்பிலேயே அடியுங்கள்.

அடுக்குவதற்கு, தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்துக்குச் செங்கல் வைத்து அதன்மேல் இரண்டு கம்பு போட்டுக்கொள்ளுங்கள். வரிசைக்கு வரிசை விரல் நுழையும் இடைவெளி வேண்டும். சுவரை ஒட்டி அடுக்காமல் ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். வெட்டிய முனைகள் கிழக்கும் மேற்கும் பார்க்கட்டும். கோடையில் காலையில் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று, மதியத்துக்கு மேல் அடிக்கும் கடல்காற்று இரண்டுமே அந்த முனைகள் வழியாகப் போகும். "கடல்காற்று ஈரமாச்சே" என்று தயங்க வேண்டாம். பச்சை மரத்தில் உள்ள ஈரத்தின் முன் காற்றின் ஈரம் ஒன்றுமில்லை, வீச்சுதான் உலர்த்தும்.

மேல்பக்கத்துக்கு மட்டும் மூடி போதும். பழைய தகரமோ தார்ப்பாயோ போடுங்கள். பலர் தார்ப்பாயைத் தரைவரை இழுத்துக் கல் வைத்து மூடிவிடுகிறார்கள். உள்ளே வெளியேறிய ஈரம் அங்கேயே வேர்த்து, பூசணம் பிடித்து, மரம் இற்றுப்போகும்.

காலக் கணக்கு இப்படி. தை, மாசியில் பிளந்து அடுக்கினால் கத்திரி வெயில் முடியும்போது பைனும் மற்ற லேசு மரமும் தயாராகிவிடும். 5 செ.மீ. சவுக்குப் பிளவும் அதே காலத்தில் தேறும். தடிமனான வேம்புக்கும் புளிக்கும் ஆவணிவரை கொடுங்கள். புரட்டாசிக்குப் பிறகு பிளந்தது அந்தப் பருவத்துக்கு உதவாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்த மரமும் காய்வதில்லை. புயல் மரங்கள் பெரும்பாலும் மார்கழிக்கு முன்பின்னாக விழுகின்றன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சாய்த்த மரங்கள் எல்லாம் அப்படி விழுந்தவைதான். அதை உடனே பிளந்து வைத்தால் முழுக் கோடையும் முன்னால் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. தெருவில் விழுந்த மரத்தை மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் கேட்டுவிட்டு எடுங்கள். மின்கம்பியில் சிக்கிய கிளையை மின்வாரிய ஆட்கள் வந்து எடுக்கும்வரை தொடாதீர்கள்.

கேள்வி: காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? தட்டிப் பார்த்தால் போதுமா? ஈரம் காட்டும் மீட்டர் வாங்கலாமா?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது "டங்" என்று ஒலிக்கும், ஈரமானது "தொப்" என்று அமுங்கும். முனையில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை கையோடு வரும். இவையெல்லாம் நல்ல அடையாளங்கள். ஆனால் முனை காய்ந்து நடு ஈரமாக இருக்கும் கட்டையும் இதே அடையாளங்களைக் காட்டும். தராசை நம்புங்கள், அது ஏமாற்றாது.

அடுக்கும் அன்றே மூன்று கட்டைகளை எடுத்து 1, 2, 3 என்று எண் போட்டு, சமையலறை டிஜிட்டல் தராசில் எடை குறித்துவைத்து, அடுக்கின் நடுவில் சொருகுங்கள். வாரம் ஒரு முறை எடை பாருங்கள். 1,200 கிராமில் தொடங்கிய பைன் கட்டை ஆரம்பத்தில் சரசரவென்று குறையும், பிறகு மெதுவாகும், 720 கிராம் வாக்கில் வந்து நின்றுவிடும். இரண்டு வாரம் அடுத்தடுத்து 10 கிராமுக்கு மேல் குறையவில்லை என்றால் தயார். வெயில் காலத்தில் நின்றால்தான் இந்தக் கணக்கு. மழைக்காலத்தில் எடை நிற்பது மரம் காய்ந்ததால் இருக்காது, காற்று இனி ஈரம் வாங்க மறுப்பதால்தான்.

மீட்டர் வாங்கினால், அது காட்டும் எண்ணை எப்படிப் படிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். விறகுக்கு 20 விழுக்காடு ஈரம் இருக்கலாம் என்று சொல்வது மொத்த எடையில் தண்ணீர் எவ்வளவு என்ற கணக்கு. மீட்டர் காட்டுவது காய்ந்த மரத்தின் எடைக்குத் தண்ணீர் எவ்வளவு என்பது. 100 கிலோவில் 20 கிலோ தண்ணீர் என்றால் மரம் 80 கிலோ, 20-ஐ 80-ஆல் வகுத்தால் 25 விழுக்காடு. எனவே மீட்டரில் 25 வந்தாலே எரிக்கலாம். சென்னைக் காற்றில் நிழலில் நன்றாகக் காய்ந்த மரம் கோடையில் மீட்டரில் 13 முதல் 15 வரை இறங்கும், அதற்குக் கீழே போக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். கட்டையை அப்போதுதான் பிளந்து, உள்முகத்தில் ஊசியைக் குத்திப் பாருங்கள். வெளித்தோலில் குத்தினால் வெளித்தோலின் கணக்குத்தான் வரும்.

கேள்வி: பைன் எரித்தால் பிசினால் புகைக்குழாயில் தார் படியும் என்கிறார்கள். எங்கள் வீட்டு வெந்நீர் அடுப்பின் குழாயில் கறுப்பாக, பளபளவென்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாத்திரமும் ஒரே கரி. மரத்தை மாற்றவேண்டுமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: முதலில் எரிக்கும் விதத்தை மாற்றிப் பாருங்கள். விறகு சூடேறும்போது அதன் எடையில் ஏறத்தாழ 80 விழுக்காடு வாயுவாக வெளியேறுகிறது. நாம் பார்க்கும் சுடர் அந்த வாயு எரிவதுதான். அது முழுதாக எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடும் போதிய காற்றும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தால் எரியாத வாயு புகையாகிக் குழாய்க்குப் போய், குளிர்ந்த இடத்தில் தாராகப் படியும். பைனில் பிசின் இருப்பதால் காற்று குறைந்தால் கரி அதிகம் வரும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஈரச் சவுக்கும் அதே தாரைத்தான் படியவைக்கும்.

ஈர விறகில் நடப்பதை எண்ணில் பார்க்கலாம். பாதிக்குப் பாதி ஈரமுள்ள 10 கிலோ விறகில் மரம் 5 கிலோ, தண்ணீர் 5 கிலோ. அந்த மரத்தின் சூடு சுமார் 22,000 கிலோ கலோரி. தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்க 3,000 கிலோ கலோரிக்கு மேல் போகிறது, அதாவது ஏழில் ஒரு பங்கு. அதுகூடப் பெரிதில்லை. அந்த ஆவி அடுப்பின் சூட்டை 600 டிகிரிக்கு ஏறவிடாமல் அடிப்பதால் வாயு எரியாமலே வெளியேறுகிறதே, நஷ்டம் முக்கியமாக அதில்தான். உங்கள் குழாயில் பளபளப்பது அந்த எரியாத விறகு.

அதனால் காய்ந்த விறகை, சன்னமாகப் பிளந்ததை, கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். அடுப்பு வாயில் மூன்றில் ஒரு பங்கு எப்போதும் காலியாக இருக்கட்டும். விறகுக்கு அடியில் 3 செ.மீ. உயரத்தில் ஒரு கம்பித் தட்டி வைத்தால் காற்று கீழிருந்து ஏறும், சாம்பலும் அடைக்காது. தீ அதிகமானால் காற்று வாயை மூடாதீர்கள், விறகை வெளியே இழுங்கள். பைன் பலகையை வாய் நிறையத் திணித்துவிட்டுக் காற்றை அடைப்பதால்தான் பெரும்பாலான வீடுகளில் குழாய் கெடுகிறது.

இப்போது படிந்திருப்பதை அடுப்பு ஆறியபின் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி எடுத்துவிடுங்கள். பளபளக்கும் தார் பற்றிக்கொள்ளும் சரக்கு, அதுவும் கீற்றுக் கூரை வழியாகப் போகும் குழாயில் அது எரிந்தால் கூரையே போய்விடும். மாதம் ஒரு முறை குழாயில் விரலால் கோடு போட்டுப் பாருங்கள். உதிரியான சாம்பல் நிறக் கரி என்றால் அடுப்பு நன்றாக எரிகிறது.

பைனின் பிசின் முடிச்சுகள் படபடவென்று வெடித்துப் பொறி பறக்கவிடும். நைலக்ஸ் புடவையும் குழந்தைகளும் அடுப்பிலிருந்து நாலடி தள்ளியே இருக்கட்டும். கேஸ் சிலிண்டர் அந்த அறையிலேயே வேண்டாம்.

கேள்வி: காசிமேட்டில் உடைஞ்ச போட்டு மரம் கெடைக்கும், கரை ஒதுங்குன கட்டையும் இருக்கும். நல்லா வெயில்ல காஞ்சதுதான். மீன் வறுக்குற அடுப்புக்கு வெச்சுக்கலாமா அண்ணே?
– மீன் கடை வாசகர், காசிமேடு

பதில்: வேண்டாம் தம்பி. கடலில் ஊறிய மரத்தை எவ்வளவு காயவைத்தாலும் உப்பு உள்ளேயே இருக்கும். எரியும்போது உப்பின் குளோரின் நச்சுப் புகையாக வரும், அடுப்பின் இரும்பையும் அரிக்கும். போட்டுப் பலகையில் பெயின்ட், ஃபைபர் பூச்சு, அடிப்பாகத்தில் பாசி பிடிக்காமல் இருக்கப் பூசிய செம்பு மருந்து எல்லாம் இருக்கும். சுடர் பச்சையாக எரிந்தால் அது செம்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு பரவிய எண்ணூர் முகத்துவாரப் பக்கத்துக் கட்டைகளையும் அடுப்புக்கு எடுக்க வேண்டாம்.

கழிமுகங்களில் வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும், அதன் விறகுப் புகையும் கண்ணை எரிக்கும். அரளிக் குச்சியும் அடுப்புக்கு ஆகாது, அதில் மீனைக் குத்திச் சுடவும் கூடாது. நேராக நெருப்பில் வாட்டும் மீனுக்குப் பைனும் சேராது. பிசின் கரி மீனில் ஒட்டிக் கசக்கும். வாட்டுவதற்குத் தேங்காய்ச் சிரட்டையோ சவுக்குக் கரியோ வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மொட்டை மாடியில் மழைக்காலத்துக்கு விறகு அடுக்கி வைக்கலாமா? கீழே இடமில்லை, கரையானும் வருகிறது.
– வாசகர், புளியந்தோப்பு

பதில்: வைக்கலாம், ஆனால் உயரத்தைக் கட்டுப்படுத்துங்கள். ஆட்கள் ஏறும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதிப்படி எடுத்துக்கொள்ளும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. அடுக்கிய சவுக்கு, நடுவில் உள்ள இடைவெளியையும் சேர்த்து, ஒரு கன மீட்டருக்கு 500 கிலோ வாக்கில் வரும். கணக்குப் போட்டால் 30 செ.மீ. உயரம்தான் தாங்கும். பைன் 50 செ.மீ. வரை போகலாம். இடுப்பு உயரத்துக்கு நடுமாடியில் அடுக்கினால் தளம் தொய்ந்து வெடிப்பு விடும். சுவர்களை ஒட்டிய பகுதியில், ஒரே இடத்தில் குவிக்காமல், முழங்காலுக்குக் கீழாகப் பரப்பி அடுக்குங்கள். பழைய கட்டடம், கம்பி துருப்பிடித்துச் சிமென்ட் உதிரும் கட்டடம் என்றால் மாடியை மறந்துவிடுங்கள். வாரியக் குடியிருப்புகளின் பொது மாடியும் அப்படித்தான்.

கரையான் மண்ணிலிருந்து வருவது. செங்கல்மேல் தூக்கி வைத்து, செங்கலில் மண்கோடு ஏறுகிறதா என்று வாரம் ஒரு முறை பார்த்துத் தட்டிவிட்டால் போதும். விறகில் பூச்சி மருந்து மட்டும் அடிக்காதீர்கள், அது புகையாக உங்கள் மூக்குக்கே திரும்பி வரும். மழை நாட்களில் அன்றாடத் தேவைக்கானதை முந்தின நாளே அடுப்புக்குப் பக்கத்தில், ஓரடி தள்ளி வையுங்கள். எரியும் அடுப்பின் மேலேயே போட்டு உலர்த்த வேண்டாம்.

கேள்வி: விசேஷங்களுக்குப் பிரியாணி சமைக்கிறோம். கோட்டை அடுப்பில் பைனும் சவுக்கும் கலந்து எரிப்பதென்றால் எந்த அளவில்? எவ்வளவு கிலோ வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட முடியுமா?
– சமையல் கான்ட்ராக்டர், பெரம்பூர்

பதில்: உலை கொதிக்கும்வரை பைன், அதற்கப்புறம் சவுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. தம் போடும்போது மூடிக்கு மேல் போடும் தணல் முழுக்கச் சவுக்கு அல்லது புளிக் கட்டையிலிருந்து வந்ததாக இருக்கட்டும். பைன் தணல் சீக்கிரம் சாம்பலாகிவிடும், மேல்சூடு பாதியில் விட்டுப்போகும்.

20 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100-க்குக் கொண்டுவர 1,400 கிலோ கலோரி வேண்டும். 20 விழுக்காடு ஈரமுள்ள விறகு கிலோவுக்குச் சுமார் 3,400 தரும். திறந்த அடுப்பில் அதில் 12 விழுக்காடு பாத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலே அதிகம். அப்படியானால் மூன்றரை கிலோ விறகு வேண்டும். சுற்றிலும் தகரமோ செங்கலோ வைத்து, பாத்திரத்துக்கும் அதற்கும் இரண்டு விரல் இடைவெளி மட்டும் விட்டு, கம்பித் தட்டியும் போட்டால் 25 விழுக்காடு வரை கொண்டுவரலாம். அப்போது ஒன்றேமுக்கால் கிலோ போதும். மரத்தை மாற்றுவதைவிட இந்தச் சுற்றுத் தகரம் அதிகம் மிச்சப்படுத்தும். பைன் சுடர் உயரமானது என்பதால் அதற்கு இது இன்னும் அவசியம். இல்லாவிட்டால் சுடர் டேக்சாவின் பக்கவாட்டில் ஏறி வானத்துக்குப் போய்விடும்.

சமையல் முடிந்த தணலை மழைக் குளிருக்கென்று மூடிய அறைக்குள் கொண்டுபோக ஆட்களை விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

கேள்வி: பைன் பலகையில் நீலக் கோடுகள் ஓடுகின்றன. கெட்டுப்போய்விட்டதா?
– வாசகி, மாதவரம்

பதில்: இல்லை. ஈரமாக இருந்த காலத்தில் ஒரு பூஞ்சை விட்ட கறை அது. சூடு குறையாது, தாராளமாக எரிக்கலாம். நகத்தால் அழுத்தினால் பொடியாக உதிர்ந்தால்தான் இற்றுப்போனது. அது கைக்குப் பஞ்சுபோல் இருக்கும், எரிந்தாலும் சூடு இருக்காது.

கேள்வி: மண்ணெண்ணெய் ஊற்றாமல் அடுப்பைப் பற்றவைக்க வழி?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: பிசின் ஊறிய, மஞ்சள் ஓடிக் கனமாக இருக்கும் பைன் துண்டுகளைத் தனியே ஒதுக்கி, பென்சில் தடிமனில் சிராயாகச் சீவிவையுங்கள். நாலைந்து சிராயைக் கூடாரமாக நிறுத்தி, அடியில் கொஞ்சம் தேங்காய் நார் வைத்தால் ஒரே தீக்குச்சியில் பற்றிவிடும். அதன்மேல் விரல் தடிமன் குச்சி, பிறகு கட்டை. மண்ணெண்ணெய், பெட்ரோல், பிளாஸ்டிக் பை மூன்றும் அடுப்பங்கரைக்கே வேண்டாம்.

கேள்வி: பைன் சாம்பலைச் செடிக்குப் போடலாமா, பாத்திரம் தேய்க்கலாமா?
– வாசகி, மணலி

பதில்: பெயின்ட், மருந்து எதுவும் படாத மரமாக இருந்தால் இரண்டுக்கும் ஆகும். பைனில் சாம்பல் குறைவு, 100 கிலோவுக்கு ஒரு கிலோ கிடைத்தாலே பெரிது. சல்லடையில் சலித்து, காந்தத்தை ஒரு சுற்று ஓட்டி ஆணியை எடுத்துவிடுங்கள். சாம்பலில் காரம் உண்டு, தொட்டிச் செடிக்கு மாதம் ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம், கறிவேப்பிலைக்கு அதிலும் பாதி போதும்.